கண்ணாடிப் பெட்டிக்குள் நம்ம மடுவத்துத் தராசு



சென்ற மாதம் நாங்கள் ஐந்து பேர் கொழும்புக்குப் போய் வந்தோம். நமது தோட்டத்தை நடத்தும் கம்பனியின் தலைமைக் காரியாலயத்துக்கு. தோட்டத் தலைவர், மாதர் தலைவி, வேலையிலிருந்து நின்று மூன்று வருடமாகியும் சேவைக்காலப் பணம் கிடைக்காத இரண்டு அம்மாமார், பாடசாலையில் படிப்பிக்கிற கிளைச் செயலாளர். ஹட்டனில் இரவு பஸ் ஏறி, விடியப் புறக்கோட்டையில் இறங்கி, தேத்தண்ணிக் கடையில் முகம் கழுவிக்கொண்டு, எட்டரைக்கே அந்த வாசலில் நின்றோம்.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் என்ன சொல்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்று கணக்குப் பார்த்து, வேலை விட்ட 30 நாளுக்குள் கொடுத்து முடிக்க வேண்டும். 30 நாள் எங்கே, மூன்று வருடம் எங்கே. அதைப் பற்றிப் பேசத்தான் போனோம். பேச்சு பத்து நிமிடத்தில் முடிந்தது. "கடிதம் மூலம் அறிவிப்போம்" என்றார்கள். இதை எழுதும் வரை கடிதம் வரவில்லை. அந்த விசயத்தைத் தொழில் காரியாலயத்துக்குக் கொண்டுபோயிருக்கிறோம், அடுத்த இதழில் எழுதுவோம். இன்றைக்கு எழுத வந்தது, அந்தப் பத்து நிமிடத்துக்கு முன் இரண்டரை மணித்தியாலம் நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பற்றி.

வரவேற்பு மண்டபம். கால் வைத்தால் முகம் தெரிகிற தரை. ஒரு சுவரில் ஜேம்ஸ் டெய்லரின் படம், கீழே 1867, லூல்கந்துர, 19 ஏக்கர் என்று எழுத்து. இன்னொரு சுவரில் பனி மூடிய மலை, கூடை சுமந்து சிரிக்கிற ஒரு பிள்ளையின் பெரிய படம். நடுவில், யாரும் தவறவிட முடியாத இடத்தில், ஆளுயரக் கண்ணாடிப் பெட்டி. அதற்குள்ளே, மேலிருந்து விழுகிற மஞ்சள் வெளிச்சத்தில், ஒரு கொழுந்துத் தராசு தொங்குகிறது.

இங்கிலாந்தில் செய்த பழைய சால்ட்டர் தராசு. பித்தளை வட்டத் தகடு, கறுப்பு முள், றாத்தல் கணக்கு, கீழே கொக்கி. கோயில் குத்துவிளக்கைப் போலத் துலக்கியிருந்தார்கள். பக்கத்தில் ஆங்கிலத்தில் மட்டும் ஒரு பலகை. எங்களில் வாசிக்கத் தெரிந்தவர் வாசித்துத் தமிழில் சொன்னார்: நூறு வருடத்துக்கும் மேலான நம்பிக்கையின் சின்னம் இது, ஒவ்வொரு கொழுந்தும் நேர்மையாக நிறுக்கப்பட்டதற்குச் சாட்சி, எங்கள் பாரம்பரியம் இதில் தொங்குகிறது. இப்படிப் போகிறது. எந்தத் தோட்டத்துத் தராசு என்று இல்லை. யார் சுமந்து வந்து அதில் மாட்டினார்கள் என்றும் இல்லை.

சேவைக்காலப் பணத்துக்காக வந்த பெரியம்மா எழுந்து பெட்டிக்குக் கிட்டப் போனார். வயது 67. நாற்பத்தைந்து வருடம் கொழுந்து எடுத்தவர். மூக்கு கண்ணாடியில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். காவல்கார மாத்தையா "தொட வேண்டாம்" என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். பெரியம்மா தொடவில்லை. விரலை மட்டும் நீட்டினார்.

"சேர், இது நம்ம கீழ்ப்பிரிவு மடுவத்துத் தராசு. இந்தா பாருங்க, பன்னெண்டுக்கிட்ட கீறியிருக்கு. அது எங்கம்மா கீறுனது."

பார்த்தோம். தகட்டில் 12 என்ற இலக்கத்துக்கு வெளியே, ஓரம் வரைக்கும், நகத்தளவு நீளத்தில் ஒரு கீறல். எவ்வளவு துலக்கியும் போகவில்லை. அடியில், இடது பக்கம், ஒரு நசுங்கல்.

கதை இதுதான். பெரியம்மா பஸ்ஸிலும், திரும்பி வந்த பிறகு தன் லயத்து வாசலிலும் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறோம்.

1974. கூப்பன் அரிசி குறைந்து, மா தட்டுப்பாடாகி, லயங்களில் அடுப்பு எரியாத காலம். அந்தப் பஞ்சத்தை நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள், சொல்வார்கள். அப்போது ஒரு றாத்தல் கொழுந்து என்பது ஒரு பிள்ளையின் வாய். அந்த நேரத்தில்தான் கீழ்ப்பிரிவுப் பெண்களுக்கு மடுவத்துத் தராசில் சந்தேகம் வந்தது. தோளுக்குத் தெரிகிற பாரம் முள்ளுக்குத் தெரியவில்லை. முப்பது வருடம் கூடை சுமந்த தோள் கிட்டத்தட்ட ஒரு தராசு. அது அவ்வளவு லேசில் ஏமாறாது.

கேட்டால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே கேட்கவில்லை. பெரியம்மாவின் தாயாரும் இன்னும் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை பஜாருக்குப் போய், கடன் வைத்திருந்த கடையிலேயே 14 றாத்தல் இரும்புப் படிக்கல் ஒன்றை இரவல் கேட்டார்கள். முத்திரை குத்திய கல். கடைக்காரர் ஏன் என்று கேட்டாராம். "நிறுக்கத்தான்" என்றாராம் தாயார். மறுநாள் பொழுதுக்குள் திருப்பித் தரவேண்டும் என்ற பேச்சில் கொடுத்தார்.

திங்கட்கிழமை பகல் நிறுவை. தாயாருக்குத் தேத்தண்ணி கொண்டுபோன பெரியம்மா அங்கே நின்றிருக்கிறார். பதினாறு வயது. முதலில் வெறுங்கூடையைக் கொக்கியில் மாட்டினார்கள். கணக்குப்பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு இன்னொரு கூடையின் கொழுந்துக்கு அடியிலிருந்து கல்லை எடுத்து, வெறுங்கூடைக்குள் போட்டு, மறுபடி மாட்டினார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 14 வரவேண்டும். வந்தது 12.

அவ்வளவு பெண்களும் பார்த்தார்கள். யாரும் சத்தம் போடவில்லையாம். அதுதான் பெரியம்மாவுக்கு இன்றைக்கும் மறக்காதது. தாயார் இடுப்பில் இருந்த கத்தியை எடுத்து, 12க்கு நேரே தகட்டில் ஒரு கோடு இழுத்தார். 14 நிற்கிற இடம் இது என்று அடையாளம். அதற்குப் பிறகுதான் கணக்குப்பிள்ளை பாய்ந்து வந்து கூடையைப் பிடுங்க, தராசு கழன்று கல்லில் விழுந்தது. அந்த நசுங்கல் அப்போது வந்தது.

மறுநாள் பிரட்டில் மூன்று பேருக்கும் பேர் இல்லை. ஒரு மாதம் பேர் இல்லை. பத்துச்சீட்டு கொடுத்து லயத்தைக் காலி பண்ணச் சொல்லும் வரைக்கும் போய், அந்தக் காலத்துச் சங்கக்காரர் தலையிட்டு நிறுத்தினார்கள். புதுத் தராசு ஒன்று வந்தது. மூன்று மாதம் ஒழுங்காக நிறுத்தது என்று சொல்லிச் சிரிக்கிறார் பெரியம்மா. படிக்கல்லை அன்று பொழுது சாய்வதற்குள் கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். விழுந்த தராசு கொஞ்சக் காலம் உரக் களஞ்சியத்தில் கிடந்து, பிறகு பங்களா விறாந்தைக்குப் போனது. அதில் துரைசானி பூச்சட்டி தொங்கவிட்டிருந்ததைப் பெரியம்மா தன் கண்ணால் பார்த்திருக்கிறார். பங்களாவிலிருந்து கொழும்புக்கு எப்படிப் போனது என்பதைக் கம்பனிதான் சொல்ல வேண்டும்.

"பழைய தராசு என்றால் கீறல் இருக்கத்தானே செய்யும், இதெல்லாம் ஒரு அத்தாட்சியா" என்று கேட்பார்கள். கேட்கட்டும். எங்களிடம் இருப்பது ஒரு கிழவியின் ஞாபகம் மட்டும்தான். அவர்களிடம் இருப்பது ஒரு பலகை. பலகையை எழுதியவர் ஒருநாளும் மடுவத்தில் வரிசையில் நின்றதில்லை என்பது மட்டும் உறுதி.

இந்தக் கதை ஐம்பது வருடத்துக்கு முந்தியது என்றால் நாங்கள் இவ்வளவு தூரம் எழுதியிருக்க மாட்டோம்.

அப்போது தோட்டம் பழைய கம்பனி கையில். 1975இல் அரசாங்கம் எடுத்தது. 1992இல் மறுபடி கம்பனிகள் கைக்கு வந்தது. துரைமார் மாறினார்கள், பெயர்ப்பலகை மாறியது, றாத்தல் போய்க் கிலோ வந்தது. வெட்டு மட்டும் மாறவில்லை. இன்றைக்கு நமது பிரிவில் காலை நிறுவைக்கு ஒரு கிலோ, பகல் நிறுவைக்கு ஒரு கிலோ, மாலை நிறுவைக்கு ஒரு கிலோ. சாக்குக்கு என்பார்கள், தண்ணிக்கு என்பார்கள், முத்தல் இலைக்கு என்பார்கள். காரணம் நாளுக்கு நாள் மாறும், கிலோ மாறாது. 20 கிலோ எடுத்த பிள்ளைக்கு 17 எழுதப்படுகிறது. 14க்கு 12 காட்டிய தராசு ஏழில் ஒன்றைத் தின்றது. 20க்கு 17 என்பதும் ஏறக்குறைய அதே ஏழில் ஒன்றுதான். கணக்கைப் பரம்பரையாகக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள், அதை நாங்கள் ஒப்புக்கொள்கிறோம்.

மூன்று கிலோதானே என்று விடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. நமது தோட்டத்தில் 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர். 20 எடுத்தவளுக்கு 17 எழுதினால் அரைப்பேர். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1350 ரூபாவை வைத்தே பார்ப்போம், சம்பளம் அதற்கு மேல் கூடினால் நட்டமும் கூடத்தான் செய்யும். அரைப்பேர் என்றால் 675 ரூபா போச்சு. போனது மூன்று கிலோ இல்லை, அரை நாள். 2021இல் 1000 ரூபா வர்த்தமானி வந்தபோதும், 2024இல் 1700 ரூபா வந்தபோதும் கம்பனிகள் நீதிமன்றப் படியேறின. சம்பளத்தைக் கூட்டுவதைத் தடுக்கச் சட்டத்தரணி வேண்டும். கூட்டிய சம்பளத்தை மடுவத்தில் திருப்பி எடுக்க ஒரு பேனை போதும்.

இன்னொரு கணக்கு. இதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டோம். 40 பெண்கள், ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 கிலோ வெட்டு, மாதத்தில் 20 நாள். எவ்வளவு? 2400 கிலோ பச்சைக் கொழுந்து. அந்த 2400 கிலோ காற்றிலா கரைந்தது? லொறியில் ஏறி ஸ்டோருக்குத்தான் போனது. ஐந்து கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை என்று வைத்தாலும் 480 கிலோ தேயிலை. ஏலத்தில் கிலோ 1000 ரூபா என்று குறைத்தே போட்டால் 480,000 ரூபா. ஒரு பிரிவில், ஒரு மாதத்தில். ஆலைச் செலவு உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் எடுத்த கூலி கொடுக்காத கொழுந்து அது. வகுப்பில் ஒரு பையன் கணக்கை முடித்துவிட்டுக் கேட்டான்: "சேர், அப்போ எங்கம்மாட பெயரில்லாமல் அவ்வளவு தேயிலை போகுதா?" விடை சரி என்று போட்டோம்.

தண்ணி விசயத்தில் நியாயமாகப் பேசுவோம். மழை நாளில் இலையில் தண்ணி ஒட்டியிருக்கும், அது பாரத்தில் சேரும். உண்மை. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை நம் பக்கத்து மழையில் கொழுந்து எடுப்பவளுக்கு அது தெரியாதா? படங்கும் நனைந்து, உடுப்பும் நனைந்து, அட்டைக் கடியோடு நிற்பவள் அவள்தான். ஆனால் தை, மாசியில், புழுதி பறக்கிற வெயிலில், அதே ஒரு கிலோ எந்தத் தண்ணிக்கு? வெயில் காலத்து நிறுவைப் புத்தகத்தையும் மழைக் காலத்து நிறுவைப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லி இரண்டு முறை கேட்டோம். காட்டவில்லை. சாக்கும் அப்படித்தான். வெறுஞ்சாக்கைத் தராசில் வைத்து எவ்வளவு என்று பார்த்துக் கழித்தால் யார் வேண்டாமென்றது? 1974இல் எழுத்து வாசனை இல்லாத மூன்று பெண்கள் முதலில் வெறுங்கூடையை மாட்டினார்களே, அந்தப் பக்குவத்தையாவது படித்தவர்கள் பழகட்டும்.

இப்போது இலக்கத் தராசு வந்துவிட்டது, இனி ஏமாற்ற முடியாது என்கிறார்கள். தராசு சரியாகத்தான் காட்டும். காட்டுவது யாருக்கு? இலக்கம் தெரிகிற பக்கம் எழுதுகிறவரைப் பார்த்தபடி இருக்கிறது. நாங்கள் பார்ப்பது அதன் முதுகை. 8.4 என்று தெரிந்தாலும் எழுதுவது 7. பித்தளை முள் காலத்தில் தராசைப் பழுதாக்க வேண்டியிருந்தது. இப்போது அந்தச் சிரமமும் இல்லை.

கணக்குப்பிள்ளைமாரை மட்டும் திட்டிப் பயனில்லை. அவர்களில் பாதிப்பேர் நம் பாடசாலையில் படித்த பிள்ளைகள். மடுவத்து நிறைக்கும் ஸ்டோர் நிறைக்கும் வித்தியாசம் வந்தால் அவர்கள் சம்பளத்தில் கைவைப்பார்கள் என்ற பயத்தில் முதலிலேயே வெட்டி வைத்துக்கொள்கிறார்கள். வாய் திறந்து இதைச் சொல்லியும் இருக்கிறார்கள். பயத்தை உண்டாக்கியவன் கண்ணாடி மண்டபத்தில் இருக்கிறான்.

நம் பக்கத்தையும் சொல்லிவிடுவோம். கொழும்பிலிருந்து வந்த பிறகு நமது தோட்டக் கமிட்டியின் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தோம். கோயில் திருவிழா பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. பெரியவர் வருகைக்கு மாலை, பட்டாசு, வளைவு எல்லாம் இருக்கிறது. நிறுவை வெட்டு என்ற சொல் கடைசியில், "நேரம் போதாமையால் ஒத்திவைக்கப்பட்டது" என்ற வரியோடு நிற்கிறது. ஒரு கூட்டத்தில் அல்ல. கூட்டத்தில் நாற்காலியில் இருப்பவர்கள் ஆண்கள், மடுவத்தில் வரிசையில் நிற்பவர்கள் பெண்கள். நேரம் ஏன் போதவில்லை என்று இனி விளக்கத் தேவையில்லை. சந்தாவைச் செக்ரோலில் ஒரு ரூபா பிசகாமல் வெட்டி வாங்கத் தெரிந்த நமக்குக் கொழுந்து வெட்டைத் தட்டிக்கேட்க நேரம் போதவில்லை. வெட்கமாக இருக்கிறது, எழுதித்தான் ஆகவேண்டும்.

பாரம்பரியம் என்ற சொல்லை 2023இல் நிறையக் கேட்டோம். மலையகம் 200 என்று நாம் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோம். கால் கொப்பளித்து நடந்தது நாம். அந்தச் சொல் இப்போது அவர்கள் பலகையில் இருக்கிறது. நமது கூடை, நமது தராசு, நமது பிள்ளையின் சிரிப்பு எல்லாம் சுவருக்குப் போய்விட்டது. அந்தச் சுவரில் 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பளம் கூட்டிக் கேட்ட போராட்டத்தில் பொலிஸ் சூட்டுக்குப் பலியான கோவிந்தனுக்கு இடமிருக்கிறதா? கீறல் போட்டவளுக்கு இடமிருக்கிறதா? தராசு வேண்டுமாம், நிறுக்கப் போனவள் வேண்டாமாம்.

அந்தத் தராசைத் திருப்பித் தாருங்கள் என்று நாங்கள் கேட்கப்போவதில்லை. அது அங்கேயே தொங்கட்டும். பலகையை மாற்றுங்கள் என்றுதான் கேட்டிருக்கிறோம். மூன்று மொழியிலும் எழுதுங்கள். கீழ்ப்பிரிவு மடுவம் என்று எழுதுங்கள். 14 றாத்தலுக்கு 12 காட்டியது என்று எழுதுங்கள். அந்தக் கடிதம் பதிவுத் தபாலில் போய்விட்டது, பெரியம்மா கைநாட்டு வைக்கவில்லை, தன் பெயரைத் தானே எழுதினார்.

தோட்டத்துக்குள் கேட்பது வேறு. தராசின் முகம் கொழுந்து எடுத்தவளைப் பார்த்துத் திரும்ப வேண்டும். வெறுஞ்சாக்கை அவள் முன்னால் நிறுத்து, அதை மட்டும் கழிக்க வேண்டும். மழை நாளில் தண்ணிக்கு எவ்வளவு என்பதைக் கமிட்டியோடு பேசி எழுத்தில் வைக்க வேண்டும், வெயில் நாளில் சதமும் கிடையாது. ஒவ்வொரு நிறுவைக்கும் துண்டு தரவேண்டும். பஜாரில் வெங்காயம் நிறுக்கிற தராசுக்கு 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின்படி வருடா வருடம் முத்திரை வேண்டும், அதைப் பார்க்க ஒரு திணைக்களமே இருக்கிறது. ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளத்தை நிறுக்கிற மடுவத்துத் தராசிலும் அந்த முத்திரையை நம் கண்ணால் பார்க்க வேண்டும். இதில் எதற்கும் கம்பனிக்குப் பெரிய செலவில்லை. திருடாமல் இருப்பதற்குச் செலவு என்று ஒன்று இருந்தால் அது மட்டும்தான்.

பதில் வரும் வரை சும்மா இருக்கப்போவதில்லை. பிள்ளைகளின் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுங்கள். தேதி, மூன்று நிறுவை, தராசு காட்டியது, புத்தகத்தில் எழுதியது. எழுதத் தெரியாத அம்மாமாருக்கு மாலையில் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும், பாடசாலையில் இதற்குக் கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறோம். மாதக் கடைசி ஞாயிறு கமிட்டிக்கு அந்தக் கொப்பிகளோடு வாருங்கள். அன்றைக்கு முதல் விடயம் நிறுவைதான், திருவிழா பிறகு.

இன்னொன்று. கிளைப் பணத்தில் பஜாரில் முத்திரை குத்திய 5 கிலோ இரும்புப் படிக்கல் ஒன்று வாங்கியிருக்கிறோம். மேற்பிரிவு மாதர் தலைவி வீட்டில், அடுப்படிப் பலகைக்குக் கீழே இருக்கிறது. எந்தப் பிரிவுக்காரரும் கேட்டு வாங்கிப் போகலாம். எந்த மடுவம், எந்த நாள், தராசு எவ்வளவு காட்டியது என்று கூட இருக்கிற கொப்பியில் எழுதிவிட்டு, மறுநாள் பொழுது சாய்வதற்குள் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள். மற்றப் பிரிவுகளும் காத்திருக்கின்றன.